‘தொந்தரவு இல்லை’ என்பது மட்டும் நலமாகிவிடாது

மனநோய் கண்ட ஒருவரைப் பற்றி அவருடைய வீட்டாரிடம் நலம் விசாரித்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “இப்போது பரவாயில்லை, தொந்தரவு ஒன்றும் இல்லை” என்பதுதான். மருந்து சாப்பிடுகிறார், தூங்குகிறார், யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை, நடு இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவதில்லை. நோயின் உக்கிரத்தை ஒருமுறை கண்டு நடுங்கிய குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பதிலில் இருப்பது மற்றவர்களுடைய நிம்மதி. அவருக்கு வாழ்க்கை எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் மருத்துவத் துறை ‘வாழ்க்கைத் தரம்’ என்ற பெயரில் கேட்கிறது. அந்தத் தரத்தை நோயும் குறைக்கிறது, நோயாளியைச் சுற்றி ஊர் எழுப்பும் சமூகக் களங்கமும் குறைக்கிறது. நோய்க்கு மருந்து உண்டு. களங்கத்துக்குக் கிளினிக்கில் மாத்திரை கிடையாது. வாழ்க்கைத் தரம், களங்கம் இவை இரண்டும் என்ன, களங்கம் அந்தத் தரத்தை எப்படி அரிக்கிறது என்பதை நம் ஊர் வாழ்க்கையை வைத்தே விளக்குகிறேன்.

மனநோய் என்றதும், தனியாகப் பேசிக்கொண்டு சாலையோரம் நடக்கும் ஒருவர்தான் பலருக்குக் கண்முன் வருகிறார். உண்மையில் மனச்சோர்வு, பதற்ற நோய், உற்சாகமும் சோர்வும் அளவு மீறி மாறிமாறி வரும் இருமுனை நோய், இல்லாத குரல் காதில் கேட்பதும் ஆதாரமற்ற சந்தேகம் மனத்தில் வேரூன்றுவதுமான மனச்சிதைவு நோய் எல்லாமே இதில் அடங்கும். மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி, மனச்சோர்வு உள்ளவர்கள் 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காடாக இருந்தார்கள்; 2023இல் அது 4.6 விழுக்காடு, ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். மனச்சிதைவு இதைவிட மிகவும் குறைவு. உலக அளவில் ஏறக்குறைய 345 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் களங்கத்தின் பாரம் அதிகமாக விழுவது இந்தச் சிறு தொகையினர்மேல்தான். ஆகவே அவர்களைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

ஒரு பை தேநீர்

களங்கம் என்றால் ஏச்சு, கேலி, கல்லெறிதல் என்று நினைக்கிறோம். பெரும்பாலான நாள்களில் அது அவ்வளவு சத்தமாக வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், வயது ஐம்பதை நெருங்குகிறது. இருபதுகளின் தொடக்கத்தில், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு மனச்சிதைவு வந்தது. இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். நோய் பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருக்கிறது. காலையில் ஒட்டுக்கடைக்குப் போகிறார். அங்கே பலகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கிளாசில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். இவரைக் கண்டதும் கடைக்காரர் எதுவும் கேட்காமல் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி, “பிடியுங்கள் அண்ணே” என்று நீட்டிவிடுவார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. சில நாள் காசுகூட வாங்குவதில்லை. அண்ணன் பையை விரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். ஒருவரும் தகாத சொல் ஒன்று பேசவில்லை. ஆனால் அந்தப் பலகையில் அவருக்கு இடமில்லை என்று என்றைக்கோ தீர்ப்பாகிவிட்டது.

புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 2001இல் களங்கம் எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் ஒருவருக்கு முத்திரை விழுகிறது. அடுத்து, அந்த முத்திரையோடு சில கெட்ட குணங்கள் ஒட்டிக்கொள்கின்றன: ஆபத்தானவர், எப்போது என்ன செய்வார் என்று தெரியாது, எதையும் நம்பி ஒப்படைக்க முடியாது. பிறகு ‘நாம்’ வேறு, ‘அவர்’ வேறு என்றாகிறது. அதன் பின் மதிப்பு இறங்குகிறது. கடைசியில் வாய்ப்புகள் பறிபோகின்றன. இத்தனையும் நடக்க முத்திரை குத்துகிறவர் கையில் ஏதாவது ஓர் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அதிகாரம் என்றதும் அரசாங்கத்தை நினைக்க வேண்டியதில்லை. தேநீர் ஊற்றுகிற கை, வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர், சம்பந்தம் பேசும் தாய்மாமன், கோயில் கமிட்டியில் பெயர் எழுதுகிறவர் ஆகியோரிடம் இருப்பதும் அதிகாரம்தான்.

தோட்டப்புற ஊர்களில் இந்த முத்திரை அழிவதில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். லயங்கள் காலியாகி, மக்கள் மலிவு விலை வீடமைப்புத் தாமான்களுக்கு வந்துவிட்டாலும், பழைய தோட்டத்து ஆட்களே அடுத்தடுத்த தெருக்களில் குடியேறியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சட்டையில்லாமல் சாலையில் ஓடிய ஒரு மதியத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பின் அவர் அமைதியாக வாழ்ந்த ஆண்டுகள் யாருக்கும் நினைவில்லை. நகரத்தில் என்றால் வேறு பகுதிக்கு வீடு மாறி, பழங்கதை தெரியாதவர்களிடையே புதிதாகத் தொடங்க ஓரளவு வழியுண்டு.

சுங்கை சிப்புட்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஈப்போவுக்குப் போகும் வழியில் செம்மோரைத் தாண்டினால் உலு கிந்தா பக்கம் தஞ்சோங் ரம்புத்தான். அங்கேதான் நாட்டின் மிகப் பழைய, மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்றான பஹாகியா மருத்துவமனை 1911 முதல் இருக்கிறது. நாடு முழுவதிலும் அந்த ஊரின் பெயரே ஏச்சாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்” என்று கேலி செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் குணம் பெற்றுத் திரும்பிய இடத்தின் பெயர் இப்படி ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதன் விளைவு வெறும் கேலியோடு நிற்பதில்லை. அரை மணி நேரத் தொலைவில் நிபுணர்கள் இருந்தும், அந்தப் பக்கம் பஸ் ஏறினாலே யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. மனச்சிதைவில் முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையில் காலம் நீள நீள, பின்னாளில் மீள்வது கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை.

களங்கம் வீட்டுக்குள் வரும்போது

ஊர் ஒதுக்குவது முதல் வகை. நோயாளியோடு சேர்த்து அவருடைய குடும்பத்தையும் ஒதுக்குவது இரண்டாம் வகை. தங்கையைப் பெண் பார்க்க வருகிற நாளில் அண்ணனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவருக்கும் காரணம் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே கிளம்பிவிடுவார். அனுப்புகிற தாயின் மனத்தில் அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஒரு பிள்ளையின் வாழ்வுக்காக இன்னொரு பிள்ளையை மறைக்க வேண்டிய நிலைக்கு அவரை ஊர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

மருத்துவரிடம் போகுமுன் முனியாண்டி கோயிலுக்கும், போமோ எனப்படும் மலாய் மந்திரவாதியிடமும் போவதையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அதை அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சரியில்லை என்பது என் கருத்து. செய்வினை என்றால் குற்றம் வெளியே உள்ள எதிரியுடையது; குடும்பத்தின் இரத்தத்தில் பழுதில்லை. மனநோய் என்றால் பரம்பரை என்ற பேச்சு எழும். அடுத்த பிள்ளைக்குச் சம்பந்தம் கிடைக்காது. இரண்டில் எது மானத்தைக் காக்குமோ அதைத்தான் குடும்பம் முதலில் நம்ப விரும்புகிறது. கோயிலுக்குப் போவதால் நோயாளிக்குக் கேடில்லை. கயிறு கட்டியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் கேடு.

மூன்றாம் வகைதான் ஆழமாக வெட்டுவது. ஊர் சொல்வதை நோயாளியே நம்பத் தொடங்குகிறார். பேட்ரிக் காரிகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனநோயாளிகளைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது முதலில் அவருக்குத் தெரியவருகிறது. அது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, ‘நானும் அப்படித்தான்’ என்று தனக்குப் பொருத்திக்கொள்கிறார். அதோடு தன்மதிப்பு சரிகிறது. எதற்கு முயல வேண்டும் என்ற விரக்தி வருகிறது. தைப்பிங் ஏரிக்குக் குடும்பத்தோடு போகலாம் வாருங்கள் என்றால், “நான் வந்தால் உங்களுக்குத்தான் சங்கடம், நீங்கள் போய்வாருங்கள்” என்கிறார். வேலை கேட்டுப் போகலாம் என்றால், “என்னை யார் வைத்துக்கொள்வார்கள்?” என்கிறார். வீட்டார் இதைச் சோம்பல் என்றோ நோயின் பகுதி என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். நோயாலும் ஊக்கம் குறையும் என்பது உண்மை. ஆனால் பல ஆண்டுகள் பைகளில் தேநீர் வாங்கியவர் தாமாகவே பலகையை விட்டு விலகி நிற்பதில் ஊருக்கும் பங்குண்டு.

நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியான ஓர் அலசல், இப்படித் தன்மேல் தானே களங்கத்தைச் சுமத்திக்கொள்கிறவர்களிடம் நம்பிக்கை, தன்மதிப்பு, வாழ்க்கைத் தரம் மூன்றுமே குறைந்திருப்பதைக் காட்டியது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: வயது, ஆண், பெண், படிப்பு போன்றவற்றுக்கும் இந்தச் சுமைக்கும் உறுதியான தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. படித்தவர் தப்பித்துவிடுவார் என்று நினைக்க அதில் இடமில்லை.

வாழ்க்கைத் தரத்தை யார் அளப்பது?

வீடு, வருமானம், சாப்பாடு மட்டுமே வாழ்க்கைத் தரம் என்று நினைப்பது இயல்பு. உலகச் சுகாதார நிறுவனம் அதை வேறு விதமாக வரையறுக்கிறது. ஒருவர், தாம் வாழும் பண்பாட்டுச் சூழலில், தம் இலக்குகள், எதிர்பார்ப்புகள், கவலைகள் ஆகியவற்றை வைத்துத் தம் வாழ்க்கையைத் தாமே எப்படி உணர்கிறார் என்பதுதான் அது. இந்த வரையறையில் ‘தாமே’ என்பதுதான் உயிர்நாடி. தங்கை சொல்வதும் மருத்துவர் சொல்வதும் இதற்கு ஈடாகாது.

இதை அளக்க அந்த நிறுவனம் 1990களில் பல நாடுகளின் ஆய்வு மையங்களைச் சேர்த்து ஒரு வினாத்தாளை உருவாக்கியது. அந்த மையங்களில் சென்னையும் ஒன்று; தமிழிலும் அந்த வினாத்தாள் இருக்கிறது. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களை மனத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். உடல், மனம், உறவுகள், சூழல் என்று அவை நான்கு துறைகளாகப் பிரிகின்றன. உறவுகளைப் பற்றி மூன்றே கேள்விகள். சூழலைப் பற்றியோ எட்டு. பாதுகாப்பு, பணம், ஓய்வு நேரம், வீடு, மருத்துவ வசதி, போக்குவரத்து எல்லாம் சூழலில் வருகின்றன. நான் சொன்ன அண்ணனிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? தூக்கம் நன்றாக இருக்கிறது என்பார். நோய்க் குறியீடுகளை மட்டும் பார்க்கும் மருத்துவர் மகிழ்வார். நண்பர்களின் ஆதரவு திருப்தி தருகிறதா, தேவைக்குப் பணம் இருக்கிறதா, வாழ்க்கைக்கு அர்த்தம் இருப்பதாக உணர்கிறீர்களா என்று வரும்போது அவருடைய பேனா எங்கே நிற்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உடல் என்ற துறையில் களங்கத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது. மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் கை நடுங்கும், உடல் விறைக்கும், எடை கூடும். சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். கூடத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருப்பார்கள். பார்க்கிறவர்கள், “பைத்தியம் இன்னும் தெளியவில்லை” என்கிறார்கள். அது பைத்தியமல்ல, மருந்தின் பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், விளைவைத் தணிக்க வேறு மாத்திரை சேர்க்கலாம். நோயின் அடையாளம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டால் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை.

இன்னும் கொடியது வேறொன்று. மனநோய் உள்ளவர் நெஞ்சு வலிக்கிறது என்றால், “இவர் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்” என்று வீட்டிலும் சில நேரம் சிகிச்சை அறையிலும் தள்ளிவிடுகிறார்கள். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதயநோய், நீரிழிவு போன்ற, தடுக்கக்கூடிய உடல் நோய்களே அதற்குப் பெருங்காரணம். ‘தொந்தரவு இல்லை’ என்று நாம் நிம்மதியடைந்த ஒருவருடைய சர்க்கரை அளவை யாரும் பரிசோதித்திருக்கமாட்டார்கள்.

வேலையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிடுகிறவரை நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளோடு குலை வெட்ட அனுப்புவது ஆபத்துதான். அவரை அதிலிருந்து மாற்றிய மண்டோரை நான் குறை சொல்லமாட்டேன். உதிர்ந்த பழம் பொறுக்கவோ நாற்றங்காலில் வேலை செய்யவோ விட்டிருந்தால் அது தகுந்த ஏற்பாடு. “நீ வீட்டில் இரு” என்று பெயரையே அடித்துவிட்டதுதான் களங்கம். சம்பளம் மட்டுமா போனது? காலையில் எழுந்து கிளம்ப ஒரு காரணமும் கூட வேலை செய்தவர்களின் பேச்சுத் துணையும் தங்கை மகளுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுத்துக்கொடுக்கும் பெருமையும் ஒரே நாளில் போயின.

எது மாற்றுகிறது?

“நீரிழிவு போலத்தான் இதுவும், மூளையின் நோய்” என்று சொன்னால் களங்கம் தீரும் என்று பல விழிப்புணர்வுக் கூட்டங்கள் நம்புகின்றன. இது நோயாளிமேல் பழி போடுவதைக் குறைக்கிறது. ஆனால் அவரிடமிருந்து விலகி நிற்கும் எண்ணத்தை அது குறைப்பதில்லை என்றும், குணமாகமாட்டார் என்ற அவநம்பிக்கையைச் சில நேரம் கூட்டிவிடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. சம்பந்தம் பேசும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கும் நம்மிடம் ‘மரபணு’ என்ற சொல் என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அதைவிட நன்றாகப் பலன் தருவது நேர்ப் பழக்கம். மனநோயிலிருந்து மீண்டு வாழ்கிறவரோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுவதும் சேர்ந்து வேலை செய்வதும்தான் மனப்பான்மையை மாற்றுகின்றன என்பது இத்துறையில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. நம் ஊரில் இதற்குப் பெரிய மேடை தேவையில்லை. திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும் காய்கறி நறுக்கும் கூட்டத்தில் உட்காரவும் அவருக்கு ஓர் இடம் கொடுத்தால் போதும். அன்னதானத்தில் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்புவது வேறு, சேர்ந்து பரிமாறக் கூப்பிடுவது வேறு. மனநோய் உள்ளவர்கள் வன்முறையாளர்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்புதான் அவர்களுக்கு அதிகம்.

சட்டமும் மெல்ல மாறியிருக்கிறது. 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2001இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அது இடமளித்தது. ‘மெந்தாரி’ என்ற பெயரில் இயங்கும் அரசு மையங்களில் சிகிச்சையோடு வேலை தேடித்தரும் உதவியும் கிடைக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. போலீசுக்குப் பயந்து உண்மையை மறைத்த குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை.

மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றிப் பல வீடுகளில் தயக்கம் உண்டு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் நீண்டகால மனநோயும் ஒரு பிரிவாக ஏற்கப்பட்டிருக்கிறது. மருத்துவரின் உறுதிச் சான்றோடு சமூக நலத்துறையில் பதியலாம். அரசு மருத்துவமனைக் கட்டணச் சலுகை, ரயில் கட்டணக் கழிவு, வேலை செய்கிறவர்களுக்கு மாத உதவித்தொகை போன்ற பயன்கள் உண்டு. ஆனால் அட்டை என்பது எழுத்தில் விழுந்த முத்திரையும்தானே என்று ஒரு தாய் கேட்டால் அவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. பதிவது கட்டாயமில்லை. தகுதியுள்ளவரிடமே நன்மை தீமை இரண்டையும் சொல்லி, அவரையே முடிவெடுக்க விடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

சிகிச்சை தொடங்க நேரே தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கலாம்; குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். நோய் கட்டுப்பட்ட பிறகு மாதாந்திர ஊசியையும் பல இடங்களில் அந்த கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். மனம் தாங்காத நேரத்தில் பேச, சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555. பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929. அங்கே இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் உடன் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி நோயாளியிடம் கேட்கப்பட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் சொல்ல விரும்புவதை முந்தின இரவே அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள்: கை நடுக்கம், நடந்துகொண்டே இருக்கும் தவிப்பு, எடை, கடைசியாக எப்போது இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள், வேலைக்குப் போக ஆசை இருக்கிறதா, இருந்தால் என்ன வேலை. நடுக்கம் இருக்கிறது என்பதற்காக மருந்தை வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டாம். தாளை அவர் கையிலேயே கொடுத்து, மருத்துவரிடம் அவரையே காட்டச் சொல்லுங்கள்.